ஓடிபி வராத வீட்டுக்கும் காய்ச்சல் வருகிறது

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. மும்பையில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் புறநோயாளிப் பிரிவு. ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே வேலை செய்யும் சிப்பந்திகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமல்ல. நம் சங்கத்து உறுப்பினர் ஒருவரின் தாயார், முப்பது வருஷமாக விடியற்காலையில் எழுந்து மாவு அரைத்து இட்லி அவித்து மகனைத் தெருவுக்கு அனுப்பியவர், காலில் சர்க்கரைப் புண்ணோடு ஏழு மணிக்கே போய் நின்றார்.

அங்கே இரண்டு வரிசை. ஒரு வரிசைக்காரர்கள் சுவரில் ஒட்டிய கட்டத்தைச் செல்போனால் படம் பிடிக்கிறார்கள். போனில் ஓர் எண் வருகிறது. அந்த எண்ணைக் காட்டியதும் கேஸ் பேப்பர் கைக்கு வந்துவிடுகிறது. மற்ற வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நிற்கிறது. இந்த அம்மையார் இரண்டாவது வரிசையில் நின்றார். இரண்டரை மணி நேரம் கழித்து ஜன்னலுக்கு வந்தபோது உள்ளே இருந்தவர், "மாவ்ஷி, மொபைல் நம்பர் சாங்கா" என்றார். மாவ்ஷிக்கு ஏது மொபைல்? மகனுடைய எண்ணைச் சொன்னார். ரகசிய எண் மகனுடைய போனுக்குப் போயிற்று. மகன் பிவண்டியில் பட்டறையில் இருந்தான். வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவது அங்கே முதலாளியின் சட்டம். "ஓடிபி ஆல்யாவர் யா" என்று அம்மையாரை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். ஓடிபி வந்தால் வரச் சொன்ன ஜன்னல், பதினொன்றரை மணிக்கு மூடிவிட்டது.

மறுவாரம்தான் அந்தப் பிரிவுக்கு அடுத்த நாள். நம் தோழர் ஒருவர் அரை நாள் கூலியை விட்டு உடன் போனார். அப்போதும் மகனின் போன் பெட்டிக்குள்தான் இருந்தது. தோழர் நான்கு வார்த்தை மராட்டியில் உரக்கப் பேசியதும், செல்போன் எண்ணே இல்லாமல் கேஸ் பேப்பர் எழுதப்பட்டது. அப்படியானால் முதல் வாரமும் எழுதியிருக்கலாமல்லவா? அதற்குள் கால்விரல் ஒன்று கறுத்துவிட்டது, எடுத்துவிட்டார்கள்.

ஓடிபியால்தான் விரல் போயிற்று என்று நாம் கூக்குரலிடப் போவதில்லை. சர்க்கரை வியாதி பத்து வருஷமாக அந்த உடம்பைத் தின்றுகொண்டிருந்தது. மருந்தை ஒரு மாதம் வாங்கி இரண்டு மாதம் விட்ட பாவம் வறுமையைச் சேர்ந்தது. ஆனால் புண்ணுக்கு ஒரு வாரம் என்பது சிறிய காலமல்ல. அந்த ஒரு வாரத்தை அவரிடமிருந்து பறித்தது எது என்ற கேள்வியை இந்தத் தலையங்கம் கேட்காமல் விடாது.

நாம் கம்ப்யூட்டருக்கு விரோதிகளா? 1960களில் கல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்து ஊழியர்கள் கம்ப்யூட்டரை உள்ளே விடாமல் காவல் நின்றார்கள். வேலை போய்விடும் என்ற அச்சம் அவர்களுக்கு. அந்தச் சண்டை வேறு. நம்மைப் போல இரண்டு ஊர்களுக்கு நடுவே வாழ்கிறவனுக்கு, எழுதி வைத்த வைத்தியக் கணக்கு ஒன்று கூடவே வருமானால் அது பெரிய வரம். திருநெல்வேலியில் எடுத்த எக்ஸ்ரே மும்பையில் இல்லை. மும்பை டாக்டர் எழுதிய சீட்டு ஊரில் கறையான் தின்கிறது. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ரத்தப் பரிசோதனை, முதலிலிருந்து செலவு. புலம்பெயர்ந்த தொழிலாளிக்குத்தான் இந்தப் புதிய ஏற்பாடு முதலில் பயன்பட்டிருக்க வேண்டும். ஆனால் வரிசையில் கடைசியாக நிறுத்தப்பட்டவன் அவனாக இருக்கிறான். நம் சண்டை இதுதான்.

கணக்கைப் பார்ப்போம், கணக்கு அரசாங்கத்தினுடையது. 2019க்கும் 2021க்கும் இடையே எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் இன்டர்நெட்டை எப்போதேனும் பயன்படுத்திய பெண்கள் நூற்றுக்கு 33 பேர். ஆண்கள் 57 பேர். கிராமத்துப் பெண்களில் நூற்றுக்கு 25 பேர்கூட இல்லை. தாமே பயன்படுத்தும் செல்போன் உள்ள பெண்கள் நூற்றுக்கு 54 பேர். அந்தக் கணக்கெடுப்புக்குப் பின் போன்கள் பெருகியிருக்கின்றன என்று சொல்வார்கள், உண்மை. ஆனால் வீட்டுக்கு ஒரு போன் என்பது ஆளுக்கு ஒரு போன் ஆகாது. அந்தப் போன் யார் சட்டைப் பையில் இருக்கிறது என்பதை நம் வீட்டுத் தாய்மார்களைக் கேட்டால் சொல்வார்கள். கணவன் வேலைக்குப் போகும்போது வீட்டின் வைத்தியமும் அந்தப் பையோடு வெளியே போய்விடுகிறது. கருத்தடை பற்றியோ, வெளியில் சொல்ல முடியாத நோய் பற்றியோ ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குப் போனால், அந்தச் செய்தி முதலில் போய்ச் சேருவது அவள் கணவனின் போனுக்கு! இதை வகுத்தவர்கள் நம் வீட்டுக்குள் ஒரு நாளும் வந்து பார்த்திராதவர்கள் என்பது தெரிகிறது.

தாராவிக்காரர்களுக்கு ஒரு பழைய கணக்கும் நினைவிருக்கும். 2020 ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். அதற்கு மறுநாள், ஏப்ரல் 2ஆம் தேதி, டெல்லி சர்க்கார் "ஆரோக்ய சேது" என்ற செல்போன் செயலியை வெளியிட்டது. மே 12ஆம் தேதி புறப்பட்ட சிறப்பு ரயில்களில் ஏறுகிறவர்கள் அதைப் போனில் வைத்திருக்க வேண்டும் என்றும் ரயில்வே அறிவித்தது. தாராவியைக் காப்பாற்றியது அந்தச் செயலியா? சந்து சந்தாக வந்து, வாசலில் நின்று, நெற்றியில் காய்ச்சல் பார்த்த மாநகராட்சி ஊழியர்களும், தனியார் டாக்டர்களும், ஆஷா சகோதரிகளும், பொதுக் கழிப்பிடத்தை ஒரு நாளைக்குப் பல தடவை மருந்தடித்துக் கழுவிய துப்புரவுத் தொழிலாளர்களும், பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் போட்ட கட்டில்களும் அல்லவா? அந்த ஆண்டு ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். பாராட்டு வந்தது, பாடம் கற்கப்படவில்லை.

மறு வருஷமே பார்த்தோமே! 2021 மே 1 முதல் 18 வயதிலிருந்து 44 வயது வரையுள்ளவர்களுக்குத் தடுப்பூசி என்றார்கள். கோவின் என்ற தளத்தில் பதிவு செய்து, நேரம் வாங்கினால் மட்டுமே ஊசி. முகாமுக்கு நேரில் போனால் விரட்டினார்கள். தளமோ ஆங்கிலத்தில். நேரம் திறந்த சில வினாடிகளுக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். வேகமான இணைப்பும் வேகமான விரலும் உள்ளவனுக்கே ஊசி. நகரத்து இளைஞர்கள் காரேறிப் பால்கர், தானே மாவட்டத்துக் கிராம முகாம்களுக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்ததையும், அந்த ஊர் ஆதிவாசிகள் வேடிக்கை பார்த்து நின்றதையும் அன்றைய பத்திரிகைகள் எழுதின. பட்டறையில் தோல் வெட்டும் இளைஞனுக்கு, ஹோட்டலில் தட்டுக் கழுவும் பையனுக்கு அந்த மே மாதம் வெறும் காத்திருப்பாகக் கழிந்தது. மே 24ஆம் தேதிதான் அரசாங்க முகாம்களில் நேரில் பதியலாம் என்று இறங்கி வந்தார்கள்.

அந்த மே 31ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தானே எடுத்துக்கொண்ட வழக்கில், எழுத்தறிவும் இன்டர்நெட்டும் இல்லாதவர்கள், பார்வையற்றவர்கள் இந்தத் தளத்தை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று சர்க்காரைக் கேட்டது. நீதிபதிகள் சந்திரசூட், நாகேஸ்வர ராவ், ரவீந்திர பட் ஆகியோரின் அமர்வு அது. ஜூன் தொடக்கத்தில் பிற மொழிகள் வந்தன. இந்தி வந்தது, மராட்டி வந்தது, மலையாளம் வந்தது, தெலுங்கு வந்தது, கன்னடம் வந்தது. தமிழ் வரவில்லை! தமிழ்நாட்டிலிருந்து குரல் எழும்பிய பிறகே தமிழையும் சேர்த்தார்கள். மறந்துவிட்டோம் என்றார்களா, தாமதம் என்றார்களா என்பதல்ல முக்கியம். நோய்க்கும் மருந்துக்கும் நடுவே மொழியைச் சுவராக எழுப்பினால் அது யார் மேல் விழும் என்பது முக்கியம்.

இப்போது நடப்புக்கு வருவோம். 2021 செப்டம்பர் 27ஆம் தேதி ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. ஆளுக்குப் பதினான்கு இலக்க எண். ஆபா எண் என்கிறார்கள். 2025இல் இந்த எண்கள் 70 கோடிக்கு மேல் இருந்தன. எண் வாங்குவது அவரவர் விருப்பம் என்று காகிதத்தில் இருக்கிறது. ஆனால் தடுப்பூசிக்கு ஆதாரைக் காட்டிய பலருக்கு அவர்கள் கேட்காமலே சுகாதார எண் உண்டாக்கப்பட்டு, சான்றிதழில் அச்சாகி வந்த பிறகே அவர்களுக்குத் தெரிந்தது. கேளாதவனுக்கு எண் வீடு தேடி வருகிறது. கேட்டு வரிசையில் நிற்கிறவளுக்கு ஜன்னல் மூடுகிறது. விருப்பம் என்ற சொல்லுக்கு ஆஸ்பத்திரி ஜன்னலில் என்ன விலை என்பதை அந்த இட்லி விற்ற அம்மையாரிடம் கேளுங்கள்.

எண் வாங்குவதற்குப் பெரும்பாலும் ஆதார் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஆதாரோடு இணைந்த செல்போன் எண்ணும் கேட்கிறார்கள். இங்கேதான் புலம்பெயர்ந்தவனின் கழுத்தில் கயிறு விழுகிறது. ஆதார் எடுத்தபோது ஊரில் இருந்தோம். அண்ணன் போன் எண்ணைக் கொடுத்தோம். அண்ணன் எண்ணை மாற்றிவிட்டார். இங்கே வந்ததும் மகாராஷ்டிர சிம் வாங்கினோம். ஒரு மாதம் வேலை இல்லை, ரீசார்ஜ் இல்லை. 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் கட்டணத்தைக் கூட்டிய பிறகு இரண்டு சிம் வைத்துக் காப்பாற்ற யாரால் முடிகிறது? 90 நாள் சும்மா கிடந்தால் எண்ணைப் பறித்துப் பிறகு வேறொருவனுக்குக் கொடுத்துவிடலாம். நம் நோயின் ரகசிய எண் முகம் தெரியாத எவனோ ஒருவனின் போனில் மணி அடிக்கிறது! புது எண்ணை இணைக்கப் பெரும்பாலும் ஆதார் மையத்துக்கே அலைய வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு நாள் கூலி. அங்கே போய்க் கைரேகை வைத்தால், தோலைச் சுண்ணாம்பிலும் சாயத்திலும் முக்கி எடுத்த கைக்கு ரேகை ஏது? பாத்திரம் துலக்கித் தேய்ந்த விரலுக்கு ரேகை ஏது? உழைத்ததற்குத் தண்டனையா இது?

பெயர்ச் சங்கதி தனி நாடகம். நமக்கு அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால். சொந்தப் பெயர் பின்னால். இந்த ஊர் காகிதத்தில் முதலில் சொந்தப் பெயர், அடுத்துத் தகப்பன் அல்லது கணவன் பெயர், கடைசியில் குடும்பப் பெயர். குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்கு இல்லை என்றால் கம்ப்யூட்டர் ஒப்புவதில்லை. கட்டம் காலியாக இருக்கக் கூடாதாம். ஆகவே ரேஷன் கார்டு எழுதியவர் தம் மனம் போல ஒன்றை எழுதினார். சாதிப் பெயரை எழுதியவர் உண்டு, ஊர்ப் பெயரை எழுதியவர் உண்டு, அப்பாவின் பெயரையே இரண்டு தடவை எழுதியவரும் உண்டு. சண்முகத்தாய் என்ற பெயர் ஆதாரில் ஒரு எழுத்தில், ரேஷன் கார்டில் ஓர் எழுத்தில், பேங்கு புத்தகத்தில் மூன்றாவது எழுத்தில். மூன்றும் ஒரே அம்மாள் என்பது அடுத்த வீட்டுக் குழந்தைக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சாதிப் பெயரைத் துறந்த ஊர் என்று மார்தட்டுகிறோமே, அந்த ஊர்ப் பிள்ளைகள் ஓர் ஆஸ்பத்திரி கட்டத்தை நிரப்ப மறுபடி சாதிப் பெயரைச் சுமக்க நேர்ந்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

காப்பீட்டுத் திட்டமும் இதே கதிதான். 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சை. பட்டியலில் பெயர் இருந்தால், திட்டத்தில் சேர்ந்த மற்ற மாநிலத்து ஆஸ்பத்திரியிலும் கட்டிலைப் பெறலாம். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் முதல் பட்டியல் 2011இல் எடுத்த கணக்கு. அந்த வருஷம் நாம் பாதிப் பேர் ஊரிலும் இல்லை, இங்கும் கணக்கில் இல்லை. மகாராஷ்டிரத்தின் மகாத்மா ஜோதிராவ் புலே திட்டத்துக்கு இந்த மாநிலத்து ரேஷன் கார்டோ, இங்கே வாழ்வதற்கான சான்றோ கேட்கிறார்கள். இருபது வருஷம் வாடகைக் கோலியில் இருந்தவனுக்குக் கோலிச் சொந்தக்காரன் ரசீது கொடுப்பதில்லை. 2024 அக்டோபரில் 70 வயது கடந்த எல்லோருக்கும் வருமானம் பாராமல் அட்டை என்று அறிவித்தார்கள். அதற்கும் ஆதார் சரிபார்ப்பு உண்டு. 70 வயதுக் கிழவருக்குத் தேய்ந்த ரேகையும், இல்லாத போனும், நடுங்கும் கண்ணும்!

தாய்மார்களுக்கு ஒரு சங்கதி. இதைக் கவனமாகப் படிக்க வேண்டும், படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்து வீட்டார் படித்துச் சொல்ல வேண்டும். தலைப் பிரசவத்துக்குப் பெண்ணை ஊருக்கு அனுப்புவது நம் வழக்கம். தமிழ்நாட்டில் 2017 முதல் கர்ப்பிணிகள் எல்லோரும் பிக்மி என்ற பதிவில் சேர்ந்து பன்னிரண்டு இலக்க எண் ஒன்றை வாங்க வேண்டும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைக் கேட்கிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள மகப்பேறு உதவிக்கும் அதே எண்தான் வாசல். மும்பையில் ஏழு மாதம் வரை காட்டிவிட்டு எட்டாம் மாதம் ரயிலேறிப் போகிற பெண்ணுக்கு இது யார் சொல்லித் தெரியும்? பிரசவ வலியோடு போய் எண் எங்கே என்று கேட்டால் அவள் எதைக் காட்டுவாள்? ஊருக்குப் போகுமுன்னே அந்த ஊர்ச் சுகாதாரச் செவிலியரிடம் வீட்டார் ஒருவரை அனுப்பிச் சொல்லி வையுங்கள். இங்கே காட்டிய காகிதங்கள் எல்லாவற்றையும், கிழிந்ததாக இருந்தாலும், கையோடு எடுத்துப் போங்கள். இங்கேயே பிள்ளை பெற்றவர்களுக்கும் கஷ்டம் குறைவில்லை. 2025 ஜூலை முதல் அங்கன்வாடியில் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துணவுப் பொட்டலத்துக்கு வாங்குகிறவரின் முகத்தைப் போனில் பிடித்துச் சரிபார்க்க வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். பிள்ளையைச் சுமந்து வருகிற பாட்டிக்கு மாவுப் பொட்டலம் இல்லை. முகம் தாயினுடையது அல்லவாம். தாயோ பங்களா வேலைக்குப் போயிருக்கிறாள்.

காசநோய்க்காரர்கள் செய்தியும் உண்டு. அவர்களுக்கு உணவுக்காக 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாய் என்று அரசாங்கம் கொடுக்கிறது. நி-க்ஷய் என்ற பதிவில் பெயர் இருந்தால் ஊர் மாறினாலும் சிகிச்சையை அங்கே மாற்றிக்கொள்ளலாம். நம்மைப் போன்றவர்களை நினைத்துச் செய்தது போன்ற ஏற்பாடு, பாராட்டுகிறோம். ஆனால் பணம் பேங்குக் கணக்குக்கு மட்டுமே வரும். கணக்கில்லாதவன், கணக்கிருந்தும் பெயர் பொருந்தாதவன், இருமிக்கொண்டே பேங்குக்கும் சிகிச்சை மையத்துக்கும் நடக்கிறான். பால் வாங்கக் கொடுத்த பணம் மருந்து முடிந்த பிறகு வந்து என்ன பயன்?

போனில் டாக்டரைப் பார்க்கலாமே என்கிறார்கள். இ-சஞ்சீவனி என்ற அரசாங்க ஏற்பாடு 2019இல் தொடங்கி, 2023 பிப்ரவரியிலேயே 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் உடன் உட்கார்ந்து பெரிய டாக்டரிடம் காட்டும் முறை ஏழைக்கு உதவுகிறது. அங்கே போனும் செவிலியருடையது, பேச்சும் செவிலியருடையது. மனிதர் ஒருவர் நடுவில் இருக்கும் இடத்தில் இயந்திரம் நன்மை செய்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. பத்துக்குப் பத்துக் கோலியில், ஏழு பேர் நடுவே, ஒரு பெண் தன் வெள்ளைப்படுதலைப் பற்றிப் போனில் டாக்டரிடம் எப்படிப் பேசுவாள் என்பதையும் யோசித்திருக்கலாம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அது நமக்கே தெரியாமல் இருக்கிறது. மேற்கு வங்கத்தில் ஒரு விவசாயக் கூலி 1992இல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். கட்டில் இல்லை என்று சர்க்கார் ஆஸ்பத்திரிகள் பல திருப்பி அனுப்பின. அவருடைய கூலிச் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அவசர வைத்தியம் மறுப்பது அரசியல் சட்டம் 21ஆம் பிரிவு தரும் உயிர் உரிமையை மீறுவதாகும் என்று 1996 மே மாதம் தீர்ப்பு வந்தது. லோக்கல் ரயிலில் தொங்கிப் போகிற நமக்கு அந்தத் தீர்ப்பு மனப்பாடமாக வேண்டும். 2018 செப்டம்பரில் ஆதார் வழக்கில், ரேகை பொருந்தவில்லை என்பதற்காக உரியவருக்கு உரியதை மறுக்கக் கூடாது என்ற கருத்தை அதே நீதிமன்றம் பதிவு செய்தது. 2025 ஏப்ரல் 30ஆம் தேதி நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் இருவரும், ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்றவர்களும் தொடுத்த வழக்கில், டிஜிட்டல் வசதிகளை அடையும் உரிமையும் அதே 21ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்று சொன்னார்கள். கண் இமைக்க முடியாதவரிடம் கண் இமை என்று கேட்கும் இயந்திரத்தைப் பற்றிய வழக்கு அது. நம் கைரேகையும் அந்த இமையும் ஒரே வழக்கின் இரண்டு கட்சிக்காரர்கள் என்பது நம் எண்ணம்.

நாம் கேட்பது என்ன? மாநகராட்சியிடமும் மாநில அரசாங்கத்திடமும் இம்மாதம் சங்கம் கொடுக்கும் மனுவில் எழுதியிருப்பவை இவை: செல்போன் இல்லாமல் கேஸ் பேப்பர் எழுதும் ஜன்னல் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும், மற்ற ஜன்னல் திறந்திருக்கும் நேரம் முழுவதும் திறந்திருக்க வேண்டும், அப்படி ஒரு ஜன்னல் இருக்கிறது என்று மராட்டி, இந்தி, தமிழ், தெலுங்கு, உருது எழுத்தில் பலகை வைக்க வேண்டும். ஆபா எண் கட்டாயமல்ல என்பதை அந்தப் பலகையிலேயே எழுத வேண்டும். ஓடிபி வரவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒவ்வொருவரின் கணக்கும் ஒரு நோட்டில் எழுதப்பட வேண்டும்; இன்று அப்படி ஒரு கணக்கே எங்கும் இல்லை, கணக்கில் இல்லாதவன் கஷ்டமும் இல்லாததாகிவிடுகிறது. ஜன்னலில் இருக்கும் ஒரு சிப்பந்தி முந்நூறு பேருக்குப் பதில் சொல்கிறார். அவர் மேல் எரிந்து விழுந்து பயனில்லை, இன்னும் இரண்டு பேரை வேலைக்கு வைக்க வேண்டும் என்பதும் நம் கோரிக்கை.

தமிழில் பலகை கேட்பது மராட்டியருக்கு எதிரான காரியம் என்று திரித்துச் சொல்பவர்கள் இங்கே உண்டு. அவர்களுக்கு மட்டுமல்ல, நமக்கும் ஒரு கேள்வி. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பீகார்க்காரனும் ஒடிசாக்காரியும் அங்கே ஆஸ்பத்திரியில் தமிழ்ப் பலகையைப் பார்த்து விழித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கு இந்தியிலும் ஒடியாவிலும் பலகை வேண்டும் என்று நாம் தமிழ்நாட்டு அரசுக்கும் எழுதியிருக்கிறோம். இரண்டு கடிதமும் ஒரே தபாலில் போகின்றன.

சங்கத்தின் மேலும் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுவோம். பொங்கல் விழாவுக்கும் தலைவர்கள் வரவேற்புக்கும் பந்தல் போட நமக்கு ஆள் கிடைக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஒரு கிழவியோடு துணைக்குப் போக ஆள் கிடைப்பதில்லை. கல்லூரி படிக்கும் நம் பிள்ளைகள் போனில் இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். வாரம் இரண்டு மணி நேரம் கேட்டால் தரமாட்டார்களா? பன்னிரண்டு பிள்ளைகள் முன்வந்திருக்கிறார்கள். அவர்களில் எட்டுப் பேர் பெண்கள். நோட்டுப் புத்தகத்தில் பெயர், ஊர், எந்தக் காகிதத்தில் எந்த எழுத்து என்பதை எழுதிக்கொள்வார்கள். ஆதார் எண்ணையோ ஓடிபியையோ எழுதி வைக்கமாட்டார்கள், நீங்களும் சொல்ல வேண்டாம். கமிஷன் கேட்கும் தரகர்கள் சங்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு சால்களில் திரிவதாகக் கேள்வி; அவர்களுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை, ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை சங்க அலுவலக மாடியில் இந்த மேஜை இருக்கும். வரும்போது ஆதார், ரேஷன் கார்டு, பேங்குப் புத்தகம், பழைய கேஸ் பேப்பர்கள், மருந்துச் சீட்டுகள் எடுத்து வாருங்கள். போன் உள்ள மகனையோ மருமகளையோ கூட அழைத்து வந்தால் நல்லது. போன் இல்லாவிட்டாலும் வாருங்கள். மாடிப்படி ஏற முடியாதவர்கள் கீழே டீக்கடையில் சொல்லியனுப்பினால் பிள்ளைகள் இறங்கி வருவார்கள்.